அட்வெஞ்சர் கேமுக்கு ஸ்டூல் வேண்டாம், பெஞ்ச் போடுங்கள்

ஆகஸ்ட் நெருங்கினாலே கேம் செய்கிற நண்பர்கள் குழுவில் ஒரு சண்டை கிளம்பிவிடும். அட்வெஞ்சர் கேம் செய்பவர்கள் கண்காட்சியில் ஸ்டால் போடுவது தண்டச் செலவு என்பது பெரும்பான்மைக் கட்சி. சண்டை கேம் என்றால் வந்தவர் ரெண்டு பட்டனைத் தட்டியதுமே புரிந்துவிடும். அட்வெஞ்சர் அப்படியா? வசனம் படிக்க வேண்டும், அறையைத் துழாவ வேண்டும், ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இரைச்சலில் எவன் யோசிப்பான்? பேசாமல் ஸ்டீமில் (கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடை) டெமோவைப் போட்டுவிட்டு வீட்டில் இரு என்கிறார்கள்.

நான் எதிர்க்கட்சி.

ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியிருப்பதால், ஆகஸ்டில் நடக்கும் கேம்ஸ்காம் என்ற கேம் கண்காட்சி எனக்கு ஊர்த் திருவிழா மாதிரி. 2009 முதல் இங்கேதான் நடக்கிறது. 2024-இல் 3,35,000 பேர் வந்துபோனார்கள். தெரிந்தவர்கள் இருவர் சேர்ந்து செய்த பாயிண்ட் அண்ட் கிளிக் கேம் (மவுஸால் பொருள்களைக் கிளிக் செய்து ஆடும் அட்வெஞ்சர்) ஒன்றுக்கு ஸ்டாலில் நின்று கைகொடுத்திருக்கிறேன். (பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், விடுங்கள்.)

ஸ்டால் என்றதும் பெரிய செட்டிங்கைக் கற்பனை செய்ய வேண்டாம். தனி இடம் எடுக்கக் கட்டுப்படியாகாத சின்னக் குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் ‘இண்டி அரீனா பூத்’ என்ற கூட்டு ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் கிடைப்பது ஒரு மேஜை, ஒரு ஸ்கிரீன், பின்னால் போஸ்டர் ஒட்ட ஒரு தட்டி. அதோடு வாடகைக்கு உயரமான ஒற்றை ஸ்டூலும், வெளிச்சத்தம் கேட்காத பெரிய ஹெட்போனும் வாங்கிப் போடுவார்கள். துப்பாக்கி கேமுக்கு இது சரி. அட்வெஞ்சருக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

என்ன நடக்கும் தெரியுமா? விளையாடுபவர் ஹெட்போனுக்குள் போய்விடுவார். கூட வந்தவர் பின்னால் நின்று போனை நோண்டுவார். கொஞ்ச நேரம் போனதும் தோளைத் தட்டி, போகலாமா என்பார். புதிர் பாதியில் நிற்கும், ஆள் எழுந்துவிடுவார். கேம் மோசம் என்று அவர் போவதில்லை. காத்திருப்பவருக்குக் கால் வலிக்கிறது என்று போகிறார்.

இந்த வகை கேம் எந்தக் காலத்தில் தனியாள் விளையாட்டாக இருந்தது? 1987-இல் மேனியாக் மேன்ஷன், 1990-இல் மங்கி ஐலண்ட் வந்தபோது வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே பெரிது. மவுஸோ ஜாய்ஸ்டிக்கோ அண்ணன் கையில் இருக்கும், யோசனை தங்கையிடமிருந்து வரும், பக்கத்து வீட்டுப் பையன் எல்லாம் தெரிந்தவன் மாதிரி தப்புத் தப்பாகச் சொல்லுவான். தேடிப் பார்க்க இணையமும் கிடையாது. ஜெர்மனியில் கமோடோர் 64, அமிகா என்ற அந்தக் கால வீட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த கேம்கள்மீது இன்னும் தனிப் பிரியம். அந்தப் பிரியத்தில்தான் ஹாம்பர்க்கின் டேடாலிக் நிறுவனத்துக்கு 2012-இல் டெபோனியா மாதிரி ஒரு கேமைச் செய்து விற்க முடிந்தது. டேடாலிக் 2023-இல் சொந்தமாக கேம் செய்வதையே நிறுத்திவிட்டது. விளையாடியவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேம்ஸ்காமுக்கு வருகிறார்கள்.

அதனால்தான் பெஞ்ச் என்கிறேன். இருவர் உட்காரும் பெஞ்ச். ஹெட்போன் வேண்டாம், சப்டைட்டில் பெரிய எழுத்தில். கூட்டத்தைப் பார்த்து இன்னொரு ஸ்கிரீன்.

எங்கள் ஸ்டாலில் அப்படித்தான் வைத்தோம். ஒரு அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். பெண் கையில் 12 வயதுக்கான பட்டை (இங்கே வயதுக்கு ஏற்ற பட்டையைக் கையில் கட்டித்தான் ஸ்டால்களுக்குள் விடுவார்கள்). படகுத்துறையில் ஒரு டிக்கெட் மெஷின் காசை விழுங்கிவிடும்; தூண்டில் கயிற்றில் காந்தத்தைக் கட்டி அதை வெளியே எடுக்க வேண்டும், அதுதான் புதிர். அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. மகளோ காந்தத்தை எடுத்துக்கொண்டு நேராகப் போய் டிக்கெட் பரிசோதகரின் பேட்ஜில் வைத்தாள். அதற்கு எவரும் பதில் எழுதி வைக்கவில்லை. ‘இது வேலைக்கு ஆகாது’ என்ற வழக்கமான வரிதான் வந்தது. “ஏன் ஆகாது? பேட்ஜ் இரும்புதானே?” என்று அவள் கேட்க, பித்தளையாக இருக்கும் என்று அப்பா சொல்ல, பின்னால் நின்ற யாரோ இருவரும் அந்த வாதத்தில் சேர்ந்துகொண்டார்கள். கேம் செய்தவர் அன்று இரவே பரிசோதகருக்கு ஒரு வசனம் எழுதிச் சேர்த்துவிட்டார். மறுநாள் அதற்குத்தான் அதிகம் சிரிப்பு.

ஸ்டீம் டெமோவிலும் யார் எங்கே கிளிக் செய்தார்கள் என்ற கணக்கை எடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பேட்ஜைக் கிளிக் செய்தது தெரியுமே தவிர, பேட்ஜ் இரும்பா பித்தளையா என்று ஒரு குடும்பம் அடித்துக்கொண்டது தெரியுமா?

1999-இல் வந்த கேப்ரியல் நைட் 3 என்ற அட்வெஞ்சர் கேமில் உலகப் புகழ்பெற்ற ஒரு அபத்தம் உண்டு. மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க மோஸ்லி என்பவரைப் போல வேஷம் போட வேண்டும். அதற்குப் பூனை நுழையும் ஓட்டையில் டேப்பை ஒட்டி, பூனையை விரட்டி, அதன் முடியைச் சேகரித்து, மேப்பிள் சிரப்பைத் தடவி மீசை வைக்க வேண்டும். இதில் வேடிக்கை, மோஸ்லிக்கு மீசையே கிடையாது! அதனால் அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். பெஞ்சில் இருவரை உட்கார வைத்துப் பத்து நிமிடம் கேட்டிருந்தால், “அவருக்குத்தான் மீசை இல்லையே, அப்புறம் எதுக்கு?” என்று இரண்டாவது ஆள் போட்டு உடைத்திருப்பார்.

இதில் கஷ்டமான வேலை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. செய்தவருக்குக் கை பரபரக்கும். இடப்பக்கம் பாருங்கள் என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியதைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் சொல்லிக்கொள்வார்.

ஸ்டாலுக்கு என்று தனியாக ஒரு டெமோவும் வேண்டும். கேமின் முதல் அத்தியாயத்தை அப்படியே கொண்டுவந்து வைக்காதீர்கள். முன்கதை முடிவதற்குள் ஆள் போய்விடுவார். ஒரு புதிர், அதற்கு ஒரு முடிவு, அவ்வளவு போதும். வெண்பா என்ற சமையல் கேமை விளையாடியவர்களுக்குத் தெரியும்: இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்ற அந்த முதல் சமையலுக்குள்ளேயே ஆள், வீடு, தவிப்பு எல்லாம் வந்துவிடுகிறது. அப்புறம், யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் டெமோ தானாக முதலுக்குத் திரும்ப வேண்டும். கீபோர்டைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஜெர்மன் மொழிபெயர்ப்பு இல்லாமல் கொலோனுக்கு வராதீர்கள். பத்து வயதுப் பிள்ளை ஆங்கில வசனத்தைப் பார்த்ததும் மவுஸை வைத்துவிடும்.

இருவர் ஒரே கேமில் உட்கார்ந்தால் வரிசை மெதுவாக நகருமே, விஷ்லிஸ்ட் (வாங்க நினைத்து ஸ்டீமில் குறித்துவைப்பவர் கணக்கு) குறையுமே என்று குழுவில் கேட்டார்கள். குறையட்டும். ஸ்டூலில் உட்கார்ந்து பாதியில் எழுந்தவர் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் உங்கள் கேமைத் தேடப் போகிறார்கள்?

ஸ்டால் போட இருப்பவர்கள் யாராவது இருந்தால், எங்கள் பெஞ்ச் சும்மாதான் கெல்லரில் (வீட்டின் நிலவறையில்) கிடக்கிறது. நீங்களே வண்டி கொண்டுவந்து எடுத்துப் போங்கள், நல்ல கனம். ஒரு கால் லேசாக ஆடும், அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும்.