ழான் வானியேயின் பெயர் விழுந்ததில் எனக்கு வருத்தமே இல்லை

ழான் வானியே உயிரோடு இருக்கும்போதே அவரைப் புனிதர் என்று சொன்னவர்கள் ஏராளம். கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவரின் மகன், கடற்படை அதிகாரி, அதையெல்லாம் விட்டுவிட்டு 1964ல் பிரான்சில் த்ரோஸ்லி என்ற கிராமத்துக்குப் போய், காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்த மனவளர்ச்சி குன்றியவர்களை அழைத்துவந்து அவர்களோடு ஒரே வீட்டில் வாழ ஆரம்பித்தார். அப்படிப் பிறந்ததுதான் லார்ஷ் அமைப்பு. இன்று உலகம் முழுக்க 150க்கும் மேற்பட்ட இல்லங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற ஆஷா நிகேதன் இல்லங்கள்கூட அதைச் சேர்ந்தவைதான்.

2019 மே மாதம் இறந்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆன்மிக வழிகாட்டல் கேட்டு வந்த ஆறு பெண்களை அவர் பாலியல்ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்று லார்ஷே விசாரித்து அறிக்கை வெளியிட்டது. 2023ல் வந்த அடுத்த அறிக்கையில் அந்த எண்ணிக்கை குறைந்தபட்சம் 25 ஆனது.

"செத்தவரைப் பற்றி இப்போது எதற்கு, எவ்வளவு நல்லது செய்தார்" என்று பலர் கேட்கிறார்கள். அந்த நல்ல பெயர்தான் அவருக்கு ஆயுதமாக இருந்தது, இதை ஏன் யாரும் யோசிப்பதில்லை? அவர் செய்வது ஜெபத்தின் ஒரு பகுதி, வெளியில் சொல்லக் கூடாத ரகசியம் என்று நம்பவைக்கப்பட்ட ஒரு பெண், ஊரே புனிதர் என்று கும்பிடுகிற ஆளைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வாள், சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

எனக்கு இன்னும் ஆறாத விஷயம், அவருடைய குரு தொமா பிலிப் பற்றியது. அந்தப் பாதிரியாரை இதே மாதிரிக் குற்றத்துக்காகத் திருச்சபை 1956லேயே தண்டித்திருந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்பதுபோலவே வானியே கடைசிவரை பேசிவந்தார். ஆவணங்களைத் தோண்டினால், 1950களிலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு லார்ஷைத் தொடங்கியிருக்கிறார். ஒரு தடவை சறுக்கிவிட்டார் பாவம் என்று சொல்ல இதில் எங்கே இடம் இருக்கிறது?

லார்ஷ் செய்ததை மனதாரப் பாராட்டுகிறேன். நிறுவனரின் பெயர் போனால் நன்கொடை போகும், ஆள் வரமாட்டார்கள் என்ற பயம் கண்டிப்பாக இருந்திருக்கும், ஆனாலும் மூடி மறைக்கவில்லை. கனடாவில் அவர் பெயர் வைத்திருந்த பள்ளிகள் பெயரை மாற்றின, அதுவும் சரிதான். இல்லங்கள் மூடப்படவில்லை. ஏன் மூட வேண்டும்? அங்கே வருடக்கணக்காகச் சமைத்து, குளிப்பாட்டி, கூடவே வாழ்ந்தவர்களின் உழைப்பு அது, அவர் ஒருவரின் சொத்து இல்லை.

அறிக்கை இணையத்தில் இருக்கிறது. "நல்லது செய்தாரே" என்று வாதாட வருகிறவர்கள், அந்தப் பெண்கள் சொன்ன பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.