சண்டைப் பட எழுத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி

கிளிநொச்சிப் பக்கம், பரந்தன் சந்தியில் இருந்து முறிகண்டி வரை ஏ9 வீதியின் இரண்டு பக்கமும் தொங்கும் பதாகைகளைப் பாருங்கள். டயர்க் கடை, ரியூசன், உதைபந்தாட்டப் போட்டி, கோயில் பொங்கல், செத்தவீடு, எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து. நெடுநெடுவென்று, ஒடுக்கமாக, தடித்து, முனையெல்லாம் கோடாலியால் கொத்தியது போல. சண்டைப் பட விளம்பரத்துக்குப் பொருந்தும். எங்கள் பெரியம்மாவின் கண்ணீர் அஞ்சலிக்கு ஏன் அது?

"சாதாரண எழுத்தில போடுங்கோ தம்பி" என்று கடையில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "அண்ணை, இதுதான் இப்ப ஓடுது" என்றான். வந்த பதாகையில் மூன்று சுழி 'ண' சுழி அடைபட்டுக் கறுத்த கட்டையாக நின்றது. புள்ளியைக் காணவே இல்லை. ஒழுங்கையால் வந்த மாமா அண்ணாந்து பார்த்து, கண்ணீரைத் திருகோணமலைக் கன்னியா என்று வாசித்துவிட்டு, "கன்னியாவுக்கு ஆர் பஸ் விடுறாங்கள்?" என்று கேட்டார்.

இந்த மாதிரி எழுத்துகள் ஆங்கிலத்துக்கென்றே வரைந்தவை. 1965இல் வந்த இம்பாக்ட் என்ற எழுத்துருவை எடுங்கள்: குத்துக்கோடு தடிப்பாக இருக்கும், ஆனால் உள்ளே ஒரு கீறளவாவது வெளி மிஞ்சும். இருந்து யோசித்து வரைந்திருக்கிறார்கள். இங்கே நடப்பது வேறு. சும்மா கிடந்த தமிழ் எழுத்தை மவுசால் பிடித்துப் பக்கவாட்டில் நெருக்குவது. நெருக்கினால் குத்துக்கோடு மெலியும், படுகோடு தடித்தபடியே நிற்கும். அதை மறைக்க அதே நிறத்தில் சுற்றிவர ஓரக்கோடு. அதோடு சுழியெல்லாம் சமாதி. பிறகு முரட்டுத்தனம் வரவேண்டும் என்று மூலைகளை அரிகிறார்கள். ட, ப, ம தாங்கும், அவை பிறப்பிலேயே மூலை உள்ளவை. 'ஞ' என்ன பாவம் செய்தது?

ஒடுக்கமான தமிழ் எழுத்துரு கிடையாதா? இருக்கிறதே! அனெக் தமிழ். ஒடுக்கம் முதல் அகலம் வரை, மெலிந்தது முதல் நன்றாகத் தடித்தது வரை தமிழுக்கென்றே வரைந்தது, அதுவும் இலவசம். சொன்னால் "அது வேலை செய்யாது அண்ணை" என்கிறான். ஏன் செய்யாது? கடையில் உள்ள பழைய வேலையெல்லாம் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பழைய எழுத்துருவில். அதை யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். மாற்றித் தருகிற கருவி இணையத்தில் சும்மா கிடக்கிறது. சரி, யூனிகோட்டிலேயே அடித்தால் கடையில் இருக்கும் பழைய போட்டோஷொப்பில் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்குமாம். அமைப்புக்குள் போய்த் தென்னாசிய எழுத்துகளுக்கான தெரிவை ஒருதரம் மாற்றினால் முடிந்தது. அதற்குப் பஞ்சிப்பட்டுத்தான் ஊர்முழுக்க எழுத்தை நசுக்கித் தொங்கவிடுகிறார்கள்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்கள் ஆட்கள் வைக்கும் தண்ணீர்ப்பந்தல் பதாகையும் அதே கடைக்குத்தான் போகிறதாம். இந்தமுறை நானே அடித்து, படமாக்கிக் கொண்டுபோய், "ஒண்டிலயும் கை வையாதை தம்பி" என்று பக்கத்தில் கதிரை போட்டு இருக்கப்போகிறேன்.