கடலுக்குப் போகிறவர்கள் யாரிடம் வேண்டிக்கொள்கிறார்கள்?

"எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது" என்று ஒருவர் பதிவு போட்டால் உடனே ஒரு கூட்டம் வந்து விருப்பம் போடுகிறது. "மதம் என்பதே பயத்தில் பிறந்தது, முட்டாள்கள் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்" என்று இன்னொருவர் போட்டால் அதற்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. இரண்டு தரப்பின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. நம்புகிற ஆளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்காமலே இரண்டு பேரும் பேசுகிறார்கள். நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன், எங்கள் கரையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில், நடுவில் நாகையில் காயாரோகணர், நீலாயதாட்சி, சௌந்தரராஜப் பெருமாள், மேற்கே சிக்கல் சிங்காரவேலர். எல்லாம் 20 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த ஊர்களின் கதைகளைக் கேட்டால் திரும்பத் திரும்பக் கடல்தான் வரும். ஓட்டை விழுந்து மூழ்கப்போன கப்பலை, சவரம் செய்துகொண்டிருந்த நாகூர் ஆண்டவர், அதாவது அந்தத் தர்காவில் அடங்கியிருக்கிற சூஃபிப் பெரியவர், கையிலிருந்த கண்ணாடியை வீசி அடைத்தார் என்பார்கள். வேளாங்கண்ணியில், புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் மாதாவிடம் வேண்டிக்கொண்டு கரை சேர்ந்தார்கள், அந்த நன்றிக்குக் கட்டியதுதான் கோயில், அவர்கள் கரையேறிய நாள்தான் செப்டம்பர் 8 என்பார்கள். இவர்களுக்கெல்லாம் முன்னால் பௌத்தர்களுக்கு மணிமேகலா தெய்வம் இருந்தது. கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலில் காப்பாற்றிய தெய்வம் அது, அந்த நன்றியில்தான் கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தான். நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குக் கொடி நாகையிலிருந்து ஊர்வலமாகப் போகும்போது பாருங்கள், ரதங்கள் கப்பல் வடிவத்தில் இருக்கும்.

அப்படியானால் பயம்தானே காரணம்? பாதி உண்மை என்று ஒத்துக்கொள்கிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ கினிக்குப் பக்கத்தில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் ஒன்றைக் கவனித்தார். தீவுக்கு உள்ளே அமைதியான கழியில் மீன் பிடிக்கும்போது அந்த மக்கள் மந்திரம், சடங்கு எதுவும் செய்யவில்லை, திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவாகச் செய்தார்கள். கழியில் ஆபத்து இல்லை, மீனும் நிச்சயம். வெளிக்கடலில் இரண்டுமே நம் கையில் இல்லை. அவர்களுக்கு வலை போடவும் படகு கட்டவும் நன்றாகத் தெரியும், அறிவு குறைந்ததால் சடங்குக்குப் போகவில்லை. தெரிந்ததை எல்லாம் செய்து முடித்த பிறகும் மிச்சமிருக்கிற அந்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிற எவருக்கும் இந்தக் கேள்வி புரியும்.

சிங்கப்பூரில் டெலோக் ஆயர் தெரு என்று ஒன்று உண்டு. இப்போது சுற்றிலும் வானளாவும் கட்டடங்கள், ஆனால் கடலைத் தூர்ப்பதற்கு முன் அதுதான் கடற்கரை. இங்கிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1828-30இல் அங்கே ஒரு நாகூர் தர்கா கட்டினார்கள். சில வருடங்கள் கழித்து அதே தெருவில், கூப்பிடு தூரத்தில், சீனத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் கடல் தெய்வமான மாசுவுக்குக் கோயில் கட்டினார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது, வேதம் வேறு, சடங்கு வேறு. கப்பலை விட்டு இறங்கி உயிரோடு மண்ணில் கால் வைத்ததும் இரண்டு கூட்டமும் செய்தது ஒரே காரியம், யாருக்கோ நன்றி சொன்னார்கள். மதங்களுக்குப் பொதுவான இடம் எது என்று யாராவது கேட்டால் நான் வேதப் புத்தகங்களைப் புரட்டமாட்டேன், இந்தத் தெருவைத்தான் காட்டுவேன்.

இன்னொன்றும் காட்டலாம். நேர்த்திக்கடனுக்கு வாங்கிப் போடும் வெள்ளித் தகடு. கண், கை, கால், தொட்டில், வீடு, படகு என்று உருவம் அடித்த சின்னத் தகடு. முருகன் கோயிலிலும் அதேதான், தர்காவிலும் அதேதான், மாதா கோயிலிலும் அதேதான். எங்கள் வீட்டில் எனக்கு முதல் முடி இறக்கியது சிக்கலில், என் தம்பிக்கு நாகூரில். அவன் பிறந்ததும் நோவாகக் கிடந்தபோது அப்பாயி நாகூர் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டாள், பிழைத்தான், போய் முடி இறக்கினோம், அவ்வளவுதான். சமய நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிற எதுவும் அவள் தலையில் இல்லை. பிள்ளை பிழைக்க வேண்டும், கேட்கிற இடத்தில் கேட்டாள்.

சரி, பயம் பாதிதான் என்றேனே, மீதிப் பாதி என்ன என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமசுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் யாத்திரை வந்தவர்கள் கடற்கரையில் நின்றிருந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். வேண்டிக்கொண்டவர்கள், நேர்ந்துகொண்டவர்கள், கும்பிட்டுவிட்டுக் கரைக்குப் போனவர்கள், எல்லோரும்தான். நம்பிக்கை என்பது கஷ்டம் வராமல் காப்பதற்கான ஏற்பாடு மட்டும்தான் என்றால், அன்றைக்கே எங்கள் கரையில் எல்லாக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை, சாமி படத்தை எடுத்துக் கடலில் எறிந்தவர்களும் உண்டு, அவர்கள் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வந்தவர்கள் ஏன் வந்தார்கள்? நாலு பேரோடு சேர்ந்து அழ ஓர் இடம் வேண்டும், போனவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய ஒரு முறை வேண்டும், மாதம் ஒன்று, வருடம் ஒன்று என்று துக்கத்தை நகர்த்திக்கொண்டு போக ஒரு கணக்கு வேண்டும். மதம் இதைத் தருகிறது. இதைப் பயம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது.

அப்புறம் அதிபத்தர். அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர், எங்கள் நாகை நுளைப்பாடிப் பரதவர். பிடிக்கிற மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பிடிப்புக் குறைந்து குறைந்து கடைசியில் நாளுக்கு ஒரு மீன்தான் கிடைத்தது, அதையும் விட்டார், குடும்பம் பட்டினி. ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒரே ஒரு மீன் மாட்டியது, அதையும் விட்டார். இந்தக் கதையில் அவர் ஒன்றுமே கேட்கவில்லை, கொடுத்துக்கொண்டே இருக்கிறார். மனுஷனுக்கு வாங்குவது மட்டும் போதாது, தன்னைவிடப் பெரிதான ஒன்றுக்குக் கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. கந்தூரியில் சோறு போடுகிறவர்கள், கோயிலில் அன்னதானம் செய்கிறவர்கள், குருத்வாராவில் முகம் தெரியாதவனுக்கு ரொட்டி சுடுகிற சீக்கியர்கள், இவர்களை எல்லாம் பயந்தாங்கொள்ளி என்று சொல்லுவீர்களா?

இப்போது முதல் தரப்புக்கு வருகிறேன். தேவை ஒன்று என்பதால் பதிலும் ஒன்று ஆகிவிடாது. புத்தர் படைப்புக் கடவுளைப் பற்றிப் பேசவில்லை, ஆசையைப் பிடித்தார். இஸ்லாத்தில் இறைவன் ஒருவனே, அவனுக்கு இணை வைப்பது பெரும் பாவம். கிறிஸ்தவத்தில் கடவுளே மனிதனாகி வந்து சிலுவையில் சாகிறார், இஸ்லாம் அதை ஒத்துக்கொள்ளாது. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுமே தொடக்கமில்லாதவை. இதெல்லாம் ஒன்றைத்தான் சொல்கிறது என்பவர் எதையும் முழுசாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை. பெரியவர்கள் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. சம்பந்தர் தேவாரத்தைத் திறந்து பத்தாவது பாட்டைப் படியுங்கள், பதிகத்துக்குப் பதிகம் சமணரையும் சாக்கியரையும், அதாவது பௌத்தரையும், சாடியிருப்பார்.

அந்தத் தேவாரத்தைப் போற்றிய ராஜராஜ சோழன்தான், ஸ்ரீவிஜய மன்னன் நாகையில் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது அதன் செலவுக்கான மானியமாக, கொடுத்தான். வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும், இருக்கட்டும். அவன் பௌத்தம் சரி என்று நம்பிக் கொடுக்கவில்லை, இன்னொருவர் கும்பிட இடம் கொடுத்தான். நாகூரில் 131 அடி உயரத்தில் நிற்கிற பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்த தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கும் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. உன் பதில் என் பதில் இல்லை, ஆனாலும் உன் கேள்வி எனக்குத் தெரியும் என்கிற மனசு. அந்த மனசு போனால் என்ன ஆகும் என்பதற்கும் நாகையிலேயே சாட்சி உண்டு. விகாரத்தில் மிஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல், வெள்ளைக்காரன் ஆட்சியில் அனுமதி வாங்கி, ஏசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையினர் இடித்துவிட்டார்கள்.

இன்றைக்கு ஒவ்வொரு மதத்திலும் சுத்தம் செய்ய ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். தர்காவில் கேட்பது மார்க்கத்தில் இல்லை என்கிற முஸ்லிம் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்களுடைய ஆதாரம் உண்டு, அது அவர்கள் வீட்டு விவாதம், வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மாதாவுக்குச் சேலை சாத்துவதை ஏற்காத கிறிஸ்தவர்களுக்கும் இதே பதில்தான். ஆனால் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, "இந்துவாக இருந்துகொண்டு துலுக்கன் சமாதியில் போய் விழலாமா" என்று கேட்கிறவர்கள் மேல் எனக்கு நேரடியாகவே கோபம் வருகிறது. விவாதம் பண்ண வந்தால் பண்ணுவேன், சித்தாந்தம் பேசலாம், பதி பசு பாசம் பேசலாம். அவர்கள் அதற்கு வருவதில்லை. யார் எந்தப் படி ஏறலாம் என்று வேலி கட்ட வருகிறார்கள். உயிர் ஊசலாடும் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு கிழவியை மறித்து, உன் மதம் என்ன என்று கேட்கும் உரிமை இவர்களுக்கு யார் கொடுத்தது? தம்பிக்கு இப்போது ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. முடி எங்கே இறக்குவது என்று அவனும் அவன் பெண்டாட்டியும் பேசி முடிவு செய்துகொள்வார்கள், நாகூர் என்றால் முதல் ஆளாக நான் வண்டி பிடித்துக் கொடுப்பேன்.