1988-க்கு முன்பே பர்மிய மாணவர் சங்கம் இருந்தது

"பர்மாவில் மாணவர்கள் அரசியலில் இறங்கியதே 1988இல்தான், ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்தை ராணுவம் தகர்த்ததும் அப்போதுதான்" என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது 1962 ஜூலை 8 அதிகாலையில். ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து அப்போது நான்கே மாதம். முந்தைய நாள், விடுதிக் கட்டுப்பாடுகளை எதிர்த்த மாணவர்களை ராணுவம் சுட்டிருந்தது. 1974இல் ஐ.நா. முன்னாள் பொதுச்செயலர் ஊ தாந்தின் சவப்பெட்டியை மாணவர்கள் தூக்கிக்கொண்டு வந்து அடக்கம் செய்தது, கட்டடம் இருந்த அந்தக் காலி மனையில்தான். அதையும் ராணுவம் விடவில்லை. சில நாளில் புகுந்து உடலை எடுத்துப் போனது.

சரி, மாணவர் அரசியல்? 1920லேயே பிரிட்டிஷாரின் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். 1936 வேலைநிறுத்தம் வெடித்தது சங்கத் தலைவர் நு, சங்க இதழின் ஆசிரியர் ஆங் சான் ஆகியோரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கியதால். ஆங் சான் செய்த 'குற்றம்', ஒரு கட்டுரையை எழுதியவரின் பெயரைச் சொல்ல மறுத்தது. 1962இல் நே வின் கவிழ்த்த பிரதமர் ஊ நு, இதே நுதான்!

ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 எழுச்சி பெரியது, மறுப்பில்லை. ஆனால் அதைத் தொடங்கிய மாணவர்களில் பெரும்பாலோர் 1962இல் பிறந்திருக்கவே மாட்டார்கள்.