டென்னிசோடு வேண்டாம், கேரம் போர்டோடு ஒப்பிடுங்கள்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு அப்பா கேட்டிருந்தார். பையனுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கன்சோலை, அதாவது டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டியை வாங்கி, கையை வீசி ஆடுகிற ஸ்போர்ட்ஸ் கேம் போட்டுக் கொடுக்கலாமா, இல்லை அந்தக் காசுக்கு ஷட்டில் கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா? உடனே இரண்டு கட்சி பிரிந்தது. "அதெல்லாம் ஏமாத்து வேலை, கிரவுண்டுக்கு அனுப்புங்க" என்றார்கள் சிலர். "போனை நோண்டுறதுக்கு இது தேவலை, உடம்பாவது அசையும்" என்றார்கள் மற்றவர்கள். நடுவில் யாரோ குட் மார்னிங் படம் போட, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாட்ஸப்பில் இவ்வளவு நீளம் எழுதினால் குழுவை விட்டே நீக்கிவிடுவார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோச்சிங்கில் சேருங்கள். காசு மிச்சம் இருந்தால் கன்சோலும் வாங்குங்கள். ஆனால் கோச்சிங்குக்குப் பதில் கன்சோல் என்று நினைத்து வாங்காதீர்கள். இரண்டு கட்சியும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. இந்த விளையாட்டை மைதானத்தோடு ஒப்பிட்டுத்தான் ஒரு கட்சி திட்டுகிறது, இன்னொரு கட்சி புகழ்கிறது.

இது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். உடம்பை அசைத்து ஆடும் வீடியோ கேம் வெகு காலமாகவே உண்டு. ஆனால் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஸ்விட்ச்சுக்கு முன்னோடியாக 2006 நவம்பரில் வந்த நின்டெண்டோ வீ. மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்ற கன்சோல் அது. பெரும்பாலான நாடுகளில் வீ ஸ்போர்ட்ஸ் டிஸ்க்கைப் பெட்டியோடு சும்மாவே கொடுத்தார்கள். டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்று அதில் ஐந்து ஆட்டங்கள்.

வீயைக் கையில் பிடித்து ஆட ஒரு ரிமோட் உண்டு. அதற்குள் இருந்தது ஆக்சிலரோமீட்டர் என்ற சின்னச் சில்லு. இன்று நம் எல்லோருடைய போனிலும் அது இருக்கிறது. போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்குக் காரணம் அதுதான். கை எவ்வளவு வெடுக்கென்று வீசியது, ஏறக்குறைய எந்தப் பக்கம் வீசியது என்பது அதற்குத் தெரியும். தோள் திரும்பியதா, முழங்கால் மடங்கியதா, ஆள் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்பதெல்லாம் தெரியாது. (டிவிக்கு மேலே வைத்த 'சென்சார் பார்' இன்னும் வேடிக்கை. அதில் சென்சாரே கிடையாது. இரண்டு ஓரத்திலும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அவ்வளவுதான். அதைப் பார்க்கிற கேமரா ரிமோட்டின் முனையில் இருந்தது. அந்தப் பட்டை இல்லாமல் இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து ஆடியவர்களும் உண்டு.)

அதனால் என்ன ஆயிற்று? சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் சொடுக்கினாலே போதும், திரையில் பிரமாதமான ஒரு ஃபோர்ஹேண்ட் போகும். குழந்தைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் சட்டை நனைய முழுக் கையையும் வீசித் தோற்றுக்கொண்டிருப்பார்கள். அப்புறம், அந்த டென்னிஸில் நாம் ஓடவே வேண்டாம். திரையில் இருக்கிற பொம்மை தானாகவே பந்து இருக்கும் இடத்துக்கு ஓடிவிடும். நிஜ டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். அந்த ஆட்டத்தில் பாதி வேலை காலுக்குத்தான். பந்து வருவதற்கு முன்னால் அங்கே போய் நிற்பதுதான் ஆட்டமே. அந்தப் பாதியை எடுத்துவிட்டு மிச்சத்தை நம் கையில் கொடுக்கிறார்கள்.

பின்னால் கருவிகள் தேறின. 2009-இல் வீ ரிமோட்டோடு கைரோஸ்கோப் என்ற இன்னொரு சில்லு சேர்ந்தது, மணிக்கட்டு திரும்புவதும் பிடிபட்டது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் வந்தது. கையில் எதையும் பிடிக்கவே வேண்டாம். அறை முழுக்க அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்து, அவை விழுகிற விதத்தை வைத்து நம் கை கால்களை அது அடையாளம் காணும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸ் சாதனையும் ஆனது. ஆனாலும் 2017-இல் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். எத்தனை நுட்பம் சேர்ந்தாலும் ஒன்று மட்டும் சேரவில்லை. அந்தப் பந்துக்கு எடை கிடையாது. பௌலிங் பந்து 7 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். விரலை நுழைத்துத் தூக்கும்போதே தோள் இறங்கும், இடுப்பு தானாக ஒரு பக்கம் போகும். காற்றில் ரிமோட்டை ஆட்டும்போது நம் உடம்பை எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லை. நிஜ ஆட்டத்தில் உடம்பு கற்றுக்கொள்வது அந்த எதிர்ப்பிலிருந்துதான் என்பது என் எண்ணம். ஷட்டில் காக் ராக்கெட்டின் ஓரத்தில் பட்டுக் கையில் 'விர்ர்' என்று ஏறுமே, அடுத்த அடியைத் திருத்துவது அந்த 'விர்ர்'தான்.

"சரி, திறமை வராவிட்டால் போகட்டும், உடற்பயிற்சியாவது ஆகுமா?" என்று கேட்டால், இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். லிவர்பூலில் 13 முதல் 15 வயதுக்குள் இருந்த 11 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. உட்கார்ந்து ஆடும் கேமைவிட வீ ஸ்போர்ட்ஸ் கூடுதலாகக் கலோரி எரிக்கிறது, ஆனால் நிஜ ஆட்டம் எரிக்கிற அளவுக்கு அருகில் வரவில்லை என்று கண்டார்கள். 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வீ ஸ்போர்ட்ஸ், வீ ஃபிட் பிளஸ் என்ற உடற்பயிற்சி கேம் இரண்டிலும் இருந்த 68 ஆட்டங்களை ஆட வைத்து, ஆடுபவர் செலவழிக்கும் ஆற்றலை அளந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்கள் 'இலேசான அசைவு' என்ற வகையில் விழுந்தன. மிச்சம் 'மிதமானது'. 'கடுமையானது' என்று சொல்லும்படி ஒன்றுகூட இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஹூஸ்டனில் நடந்த ஆய்வு, 2012-இல் வெளியானது. 9 முதல் 12 வயதுள்ள 78 பிள்ளைகளுக்கு வீ கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உடம்பை அசைக்கும் கேம்கள், மீதிப் பேருக்கு உட்கார்ந்து ஆடும் கேம்கள். ஆடு என்று யாரும் வற்புறுத்தவில்லை. நம் வீடுகளில் நடப்பதுபோல அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். 13 வாரம் முடிந்து பார்த்தால், மொத்தமாக உடம்பு அசைந்த அளவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. நோகாமல் ஆடியிருக்கலாம், இல்லை இங்கே ஆடிய களைப்பை வேறு நேரத்தில் உட்கார்ந்து ஈடுகட்டியிருக்கலாம். எதுவானாலும், "கன்சோல் வாங்கிக் கொடுத்துவிட்டேன், பையனின் உடற்பயிற்சிக் கவலை தீர்ந்தது" என்கிற பெற்றோரின் நிம்மதிக்கு அடிப்படை இல்லை. வாட்ஸப்பில் "உடம்பாவது அசையும்" என்றவர்களுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன்.

விதிவிலக்கு உண்டு. 2019-இல் ஸ்விட்ச்சுக்கு வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர் என்ற கேம் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. அதில் கையில் பிடிக்கிற வளையத்தை அமுக்கினால் அது நிஜமாகவே திருப்பித் தள்ளும். தொடையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடி, உட்கார்ந்து எழ வேண்டும். அதில் தொடை வலிக்கும், பொய்யில்லை. தலையில் கருவியை மாட்டிக்கொண்டு பாட்டின் தாளத்துக்குக் கட்டைகளை வெட்டும் பீட் சேபரும் அப்படித்தான். மேல் நிலைகளுக்குப் போனால் மூச்சு வாங்கும். ஆனால் இவை விளையாட்டு வேஷம் போட்ட ஜிம். தப்பில்லை. ஜிம்முக்குப் போகக் கூச்சப்படுகிறவர்களுக்கு நல்ல வழி. நான் பேசுவது மற்ற எல்லாவற்றையும் பற்றி.

இந்த மற்றவை வீண் என்று நான் சொல்லவில்லை. இவற்றை ஆட்டமாக மட்டும் பாருங்கள் என்கிறேன். அப்போது ஒப்பிட வேண்டியது ஹாலில் உட்கார்ந்து ஆடும் கேரம், தாயம், சீட்டு ஆகியவற்றோடு. அந்த வரிசையில் இது சளைத்ததல்ல.

அக்கா வீட்டில் ஒரு பழைய வீ இன்னும் ஓடுகிறது. குடும்பமாகக் கூடினால் பௌலிங்தான். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், மாடிப்படி ஏறுவதே பெரிய காரியம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடுவார். "பாட்டி, கையைப் பின்னால கொண்டு போய் முன்னால வரும்போது பட்டனை விடணும்" என்று பேரன் கத்துவான். "விட்டேனேடா" என்பார். பின்னால் போகும்போதே விட்டிருப்பார். பந்து பின்பக்கம் பறக்க, திரையில் நிற்கும் பொம்மைகள் பதறித் துள்ளிக் குதிக்கும். அதைப் பார்க்கவே வேண்டுமென்றே பின்னால் எறியக் கற்றுக்கொண்டார். ஆனால் கணக்குப் பார்த்து எறிகிற நாளில் பேரனைத் தோற்கடித்துவிடுவார். அவன் விட்டுக்கொடுப்பதில்லை, நிஜமாகவே தோற்பான், கோபித்துக்கொள்வான். முழங்கால் தேய்ந்த ஒரு பெண்மணியும் பன்னிரண்டு வயதுப் பையனும் சமமாக மோதும் நிஜ ஆட்டம் எத்தனை இருக்கிறது? எடையையும் ஓட்டத்தையும் எடுத்துவிட்டார்கள் என்று மேலே குறை சொன்னேனே, அதே காரணத்தால்தான் அம்மாவுக்கு இது சாத்தியமாகிறது.

எங்கள் தெரு கிரிக்கெட்டில் சின்னப் பிள்ளைகளை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ரன் எடுத்தாலும் கணக்கில்லை. சேர்த்துக்கொண்ட மாதிரியும் ஆயிற்று, ஆட்டமும் கெடவில்லை. வீ பௌலிங்கில் ஒப்புக்கு யாரும் இல்லை, எல்லோருடைய புள்ளியும் கணக்குதான். அது எனக்குப் பிடித்திருக்கிறது. அதே சமயம், தெருவில் "அவுட்", "இல்லை, ட்ரையல் பால்" என்று அரை மணி நேரம் சண்டை போட்டு, மட்டைக்குச் சொந்தக்காரன் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்க்க, அவனைச் சமாதானம் பண்ணிக் கூட்டிவருவோமே, அது இங்கே கிடையாது. மெஷின்தான் அம்பயர். அதனோடு யார் சண்டை போடுவது? கேரமில்கூட ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று ஒரு வாய்த்தகராறு வரும். அந்த வகையில் கேரம் ஒரு படி மேல்.

இந்த ஒப்பீட்டை நானாகக் கட்டவில்லை. டொராண்டோவைத் தலைமையாகக் கொண்டு நான்கு நாடுகளில் 141 பக்கவாத நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2016-இல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியானது. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. கூடுதலாக ஒரு குழுவுக்கு வீ. இன்னொரு குழுவுக்கு சீட்டு, பிங்கோ, மரக்கட்டைகளை அடுக்கி உருவும் ஜெங்கா, பந்து விளையாட்டு. கை எவ்வளவு தேறியது என்று பார்த்தபோது வீ ஆடியவர்கள் ஒன்றும் முந்தவில்லை. இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. இதைத் தொழில்நுட்பத்தின் தோல்வி என்று படிக்கலாம். எனக்கோ, வீ உட்கார வேண்டிய வரிசை எது என்று அந்த முடிவு காட்டுவதாகப் படுகிறது. சீட்டுக்கட்டு பக்கத்தில் உட்கார்ந்தால் அது சீட்டுக்கட்டுக்குச் சமம்.

அப்படியானால் விலை உதைக்கிறதே என்பீர்கள். உதைக்கத்தான் செய்கிறது. கன்சோல், கேம், கூடுதல் கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்தால் ஒரு கேரம் போர்டின் விலையைப் போலப் பல மடங்கு. வீட்டில் ஏற்கனவே கேரம் ஓடிக்கொண்டிருந்தால், எல்லோரும் அதைச் சுற்றி உட்காருகிறார்கள் என்றால், இதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கேரம் போர்டு கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது, ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு அறையில் இருக்கிறார்கள் என்றால், அவர்களை ஹாலுக்கு இழுத்துவர இது ஒரு தூண்டில். அதற்குத் தரலாம் அந்த விலையை.

கிரவுண்டுக்கு அனுப்பச் சொல்கிற கட்சிக்கும் ஒரு வார்த்தை. எந்தக் கிரவுண்டு? நான் முன்பு குடியிருந்த இடத்தில் கார் நிறுத்துமிடத்தில் பந்து விளையாடத் தடை என்று சங்கம் பலகை மாட்டியிருந்தது. அந்தப் பலகைக்குக் கை தூக்கியவர்களில் இரண்டு பேர், "இந்தக் காலத்துப் பசங்க வெளியவே வர்றதில்லை" என்று லிஃப்டில் என்னிடம் வருத்தப்பட்டார்கள். மே மாதத்து மதியத்தில் வெயிலில் ஓடு என்று சொல்கிறவர்கள் முதலில் செருப்பில்லாமல் மொட்டைமாடிக்குப் போய்வரட்டும். கோச்சிங்கும் எல்லோருக்கும் கட்டுப்படியாகிற கட்டணத்தில் இல்லை. இவ்வளவு இருந்தும் கோச்சிங் பக்கம்தான் நிற்கிறேன். வாரம் இரண்டு நாள் கிடைத்தாலும் அது உடம்புக்குள் போகும். கன்சோல் எத்தனை நாள் ஆடினாலும் ஹாலோடு நின்றுவிடும்.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்களுக்கு இரண்டு விஷயம். நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். 2007-இலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தது. வீ டென்னிஸை மணிக்கணக்கில் ஆடிவிட்டு, மறுநாள் காலை தோள்பட்டைத் தசைநாரில் அழற்சியோடு எழுந்த 29 வயது இளம் மருத்துவரைப் பற்றியது. நிஜ டென்னிஸில் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாது, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவோம். இதில் நிறுத்தச் சொல்லி உடம்பு கேட்கும் முன்பே தோள் போய்விடுகிறது. இன்னொன்று, கன்ட்ரோலரில் தொங்கும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஆட விடாதீர்கள். வீ வெளியான அடுத்த மாதமே கயிறு அறுந்து ரிமோட் பறந்த புகார்கள் குவிந்து, 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தருவதாக நின்டெண்டோ அறிவிக்க வேண்டி வந்தது. இப்போது வருகிற கயிறுகள் தடிமன்தான். ஆனால் உங்கள் டிவியும் அப்போதைய டிவியைவிடப் பெரியது, குறி தப்பாது.