நோயைச் சொல்வேன், பிள்ளை சொன்னதைச் சொல்லமாட்டேன்

கரோனாவுக்கு முந்தைய ஆண்டு. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அடிவயிற்று வலியோடு அம்மாவுடன் வந்தாள். பூப்பெய்திய எந்தப் பெண் அப்படி வந்தாலும் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது மருத்துவத்தில் வழக்கம். குடல்வால் அழற்சியா, சினைப்பைக் கட்டியா, சிறுநீர்த் தொற்றா என்று பிரித்துப் பார்க்கும் படிகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். மற்றப் பரிசோதனைகளோடு அதையும் சீட்டில் எழுதினேன். ஏன் எழுதுகிறேன் என்று அவளிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் காலம்; வெளியே முப்பது பேர் டோக்கனுடன் உட்கார்ந்திருந்தார்கள்.

பரிசோதனை நிலையத்தில் பதிவாகியிருந்தது அப்பாவின் கைப்பேசி எண். முடிவுகள் என் கண்ணில் படுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அவருக்குப் போய்விட்டன. 'இல்லை' என்றுதான் வந்திருந்தது. ஆனால் அவர் பார்த்தது பரிசோதனையின் பெயரை மட்டும். அன்றிரவே அந்தப் பெண்ணின் கைப்பேசி பிடுங்கப்பட்டது. மறுநாளிலிருந்து டியூஷன் இல்லை. சிறுநீர்த் தொற்று, ஐந்து நாள் மாத்திரை என்று முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஒரு வாரம் கழித்து அம்மா தனியாக வந்து, "ஏன் டாக்டர் அப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டு அழுதார். எழுதியது தவறில்லை. சொல்லாமல் எழுதியதும், யாருடைய எண்ணுக்குப் போகும் என்று கேட்காமல் விட்டதும் என் தவறு.

பெரம்பூரில் 22 ஆண்டுகளாகக் குழந்தைகள் நல மருத்துவராக இருக்கிறேன். தடுப்பூசிக்குத் தூக்கி வரப்பட்ட குழந்தைகள் இன்று மீசை அரும்பி, 29சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற வயதில் இருக்கிறார்கள். (இங்கே நான் சொல்லும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) இந்த வயதுப் பிள்ளைகள் வரும்போது ஒரு கட்டத்தில் பெற்றோரிடம், "பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள்" என்று சொல்கிறேன். பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "பெற்றவளுக்குத் தெரியாமல் இவளிடம் என்ன இருக்கிறது?" என்று ஒரு தாய் போன வாரம் கேட்டார். அந்தக் கோபத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அதில் நியாயம் இருக்கிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டு இரவு முழுவதும் விழித்திருந்தவர் அவர். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது என்னைவிட அவருக்குத்தான் தெரியும். நான் எழுதும் மாத்திரை அவர் வீட்டுச் சமையலறை அலமாரியில்தான் இருக்கப்போகிறது. மூன்று வேளையும் எடுத்துக் கொடுப்பது அவர்தான். பெற்றோருக்கு எதுவுமே தெரியாமல் வைத்தியம் பார்ப்பது நம் வீடுகளில் நடக்காத காரியம். நடக்க வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

ஆனால் தெரிய வேண்டியது எது? இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்த இடம் இது: பிள்ளைக்கு என்ன நோய், என்ன மருந்து, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கிறதா என்பதைப் பெற்றோரிடம் சொல்வேன். பிள்ளை என்னிடம் பேசிய பேச்சைச் சொல்லமாட்டேன். ஒரு பையனுக்கு மனச்சோர்வு இருக்கிறது, சிகிச்சை வேண்டும் என்பது பெற்றோர் அறிய வேண்டியது. அப்பாவின் எந்தச் சொல் அவனைக் குத்தியது, வகுப்பில் யாரைப் பிடித்திருக்கிறது, போன பொங்கல் விடுமுறையில் நண்பர்களோடு ஒரு முறை சிகரெட் பிடித்துப் பார்த்தான் என்பதெல்லாம் அவனுடையவை. அவை என் நாவிலிருந்து வெளியே போனால் அடுத்த முறை அவன் வாயைத் திறக்கமாட்டான். அப்போது நோயையும் நான் கண்டுபிடிக்க முடியாது; பெற்றோருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது.

இதைப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது ஆனதும், இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன். "இனி ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் இவளோடு தனியாகப் பேசுவேன். பேசியதை வெளியே சொல்லமாட்டேன். உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது இவளைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும்." முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு கதவைச் சாத்தும்போது 'ஏதோ நடந்திருக்கிறது' என்ற பதற்றம் வருவதில்லை.

எல்லையைச் சொல்லிவைத்ததன் மதிப்பு எனக்குப் புரிந்தது ஒரு பையனால். வயது பதினேழு. நீட் பயிற்சியில் இருந்தான். தலைவலி, தூக்கமில்லை என்று அப்பா அழைத்து வந்தார். எல்லாக் கேள்விக்கும் அப்பாதான் பதில் சொன்னார். தனியாக உட்காரவைத்ததும் முதலில் பேச்சே இல்லை. மேசையிலிருந்த காகித எடையை உருட்டிக்கொண்டிருந்தான். பள்ளி, நண்பர்கள், சாப்பாடு என்று சுற்றி வந்து, "வாழவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்றுதான் பிள்ளைகளின் தோள் இறங்குகிறது. அவனும் சொன்னான். எண்ணம் மட்டுமல்ல, எந்த நாள் என்பதையும் யோசித்து வைத்திருந்தான்.

"இதை நான் வைத்துக்கொள்ள முடியாது, தம்பி. முதல் நாளே சொன்னேன், நினைவிருக்கிறதா?" என்றேன். தலையாட்டினான். "அப்பாவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னால் நீ இங்கேயே இருக்கிறாயா, வெளியே போகிறாயா? எதைச் சொல்லக்கூடாது?" நெடுநேரம் யோசித்தான். நானே சொல்ல வேண்டும், அவன் பக்கத்தில் இருப்பான். பயிற்சிக் கட்டணத்துக்காக அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போனதைப் பற்றி அவன் என்னிடம் சொன்னதை மட்டும் சொல்லக்கூடாது. அந்த ஒன்று அப்பாவை உடைத்துவிடும் என்றான். செத்துப்போக நினைத்த பிள்ளை அப்பா உடைந்துவிடுவாரே என்று கவலைப்பட்டதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அப்பாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். பையனுக்கு ஆபத்தான எண்ணம் இருக்கிறது, இன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், சில நாட்களுக்கு அவனைத் தனியாக விடக்கூடாது. வளையலைப் பற்றிப் பேசவில்லை. அவனைக் காப்பாற்ற அந்தச் செய்தி தேவைப்படவும் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 23ஆம் பிரிவில் ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமை என்கிறது. தீங்கைத் தடுக்கச் சொல்ல நேரும்போதும் அதற்குத் தேவையான அளவு மட்டும் சொல்ல வேண்டும் என்கிறது. பதினெட்டு நிரம்பாதவருக்குப் பெற்றோரே சட்டப்படி பிரதிநிதி என்றும் அதே சட்டம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத் தாங்கத்தான் வேண்டும்.

(வாழ வேண்டாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் 14416, 104 ஆகிய இரண்டு உதவி எண்களிலும் பேச ஆள் இருக்கிறார்கள். பிள்ளைகள் தாங்களாகவே அழைக்கலாம்.)

சட்டம் என் கையைக் கட்டும் இடமும் உண்டு. போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையைச் சீரழிப்பவன் பல நேரங்களில் வீட்டுக்குள்ளேயே இருப்பவன். வெளியே நாற்காலியில் காத்திருப்பவனாகவும் இருக்கலாம். பத்து நிமிடத் தனிமையை நான் விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு வேறெந்தக் காரணமும் தேவையில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண் தன் வயதுப் பையனைக் காதலித்து உறவுகொண்டு, பயந்துபோய் என்னிடம் வந்தாலும் இதே பிரிவுதான். காவல் நிலையத்தை நினைத்து மருத்துவரிடமே வராமல் போகும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்றது. கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. போதாது.

சக மருத்துவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நாம் பெரிய கொள்கைகளைப் பற்றிப் பேசுகிறோம். ரகசியம் கசிவது சின்னச் சின்ன ஓட்டைகளில். நம் கிளினிக்குகள் பலவற்றில் அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். எதிர்வீட்டு அக்கா அடுத்த டோக்கனில் இருக்கிறார். வரவேற்பில் இருக்கும் பெண், "என்ன பிரச்சினைக்கு வந்திருக்கிறீர்கள்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறார். நான் திரையை எடுத்துவிட்டுக் கதவு போட்டேன். அந்த வயதுப் பிள்ளைகளின் முடிவுகளை எனக்கு மட்டும் அனுப்பும்படி பரிசோதனை நிலையத்தில் கேட்டேன். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் செய்கிறார்கள். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

போன வாரம் கோபப்பட்ட தாய் கடைசியில் வெளியே உட்கார்ந்தார். மகள் பேசி முடித்ததும் உள்ளே அழைத்து, ரத்தசோகை இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம், காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், அதைப் பாருங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார். மகள் மருந்து வாங்கப் போன நேரத்தில் கதவருகே திரும்பி நின்று, குரலைத் தாழ்த்தி, "என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா டாக்டர்?" என்றார்.

"அவளிடமே கேளுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, மருந்துக் கவுண்டரில் நின்ற மகளை நோக்கிப் போனார்.