குடும்பச் சிகிச்சை மாத்திரைக்கு மாற்று அல்ல

“மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குக் குடும்பச் சிகிச்சை என்றால் பெற்றவர்கள்தான் காரணம்; அவர்கள் திருந்தினால் மாத்திரையை நிறுத்தலாம்” என்கிறார் கொழிஞ்சாம்பாறை அண்ணன். இரண்டும் தவறு, அண்ணா. பிள்ளையைச் சோட்டானிக்கரைக் கோயிலுக்கு அழைத்துப்போய் அலைந்த தாயிடம் இதைச் சொல்ல எப்படி மனம் வந்ததோ!

லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1972இல் காட்டியது வேறு. ஓயாத குறைகூறலும் கடுகடுப்பும் மிதமிஞ்சிய பொத்திவளர்ப்பும் உள்ள வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம். நோய் ஏன் வந்தது என்ற ஆய்வல்ல அது. வீட்டுச் சூழலை மாற்றத்தான் குடும்பச் சிகிச்சை; அதில் நோயாளியோடு வீட்டாரும் உட்காருகிறார்கள். தூக்கம் கெடுவது போன்ற முன்னறிகுறிகளைக் கவனிக்கவும், நாள் முழுக்கப் படுத்திருப்பவனைச் சோம்பேறி என்று திட்டாதிருக்கவும் பழகுகிறார்கள். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், 3 மாதம் முதல் 1 ஆண்டுக்குள் குறைந்தது 10 அமர்வுகள் என்கிறது, மருந்தோடு சேர்த்துத்தான்.